நாஞ்சில் நாட்டில் புதுமுறைக் கல்வி வேரூன்றிய வரலாறு

முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு மாவட்டங்களுள் எழுத்தறிவில் முதலிடம் பெற்றது கன்னியாகுமரி மாவட்டம். அதன் எழுத்தறிவு விழுக்காடு 91.75. இவ்வெண்ணைச் சொல்லிப் பெருமை கொள்ளும் நாம், அதற்குப் பின்னே இருக்கும் இருநூறு ஆண்டுக்கால நெடுவழியை எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வழியில் முன்னே நடந்தவர் உண்டு. பின்தங்கி நின்றவர் உண்டு. வாசல் வரை வந்து விரட்டப்பட்டவரும் உண்டு.

பின்தங்கியவர்கள் ஏன் பின்தங்கினர்? அவர்கள் கல்வியை விரும்பாததாலா, அன்றி அவர்களுக்கு நீட்டப்பட்ட கல்வி அவர்தம் மொழியையும் மனையையும் புறத்தே நிறுத்தியதாலா? இவ்வினாவை முன்வைத்தே இக்கட்டுரை அமைகிறது. நாஞ்சில் நாடு என்னும் பெயர் தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய இரு வட்டங்களையே சிறப்பாகக் குறிக்கும். எனினும் கல்வி வரலாறு ஒன்றோடொன்று பிணைந்து கிடப்பதால் கல்குளம், விளவங்கோடு வட்டங்களையும் சேர்த்தே இங்குக் காண்போம்.

பழைய பள்ளியும் புதிய பள்ளியும்

புதுமுறைப் பள்ளி வருவதற்கு முன்னர் இம்மண்ணில் கல்வியே இல்லை என்று கருதுவது பிழை. அண்ணாவி அல்லது ஆசான் எனப்பட்ட ஆசிரியர் தம் வீட்டுத் திண்ணையிலோ மரத்தடியிலோ பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கற்பித்தார். மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்னர் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். நீதிநூல்களும் எண்சுவடியும் மனப்பாடமாகும். திருவிதாங்கூரில் இவை குடிப்பள்ளிக்கூடங்கள் எனவும் வழங்கப்பட்டன.

இப்பள்ளிகளின் வலிமை நினைவாற்றல் பயிற்சி. குறை, அவற்றின் வாசல் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை என்பது. பிறப்பு, செல்வம், பால் ஆகிய மூன்றும் வாசலில் காவல் நின்றன. புதுமுறைப் பள்ளி மூன்று மாறுதல்களைக் கொண்டு வந்தது. அச்சிட்ட நூல் வந்தது. வகுப்பும் தேர்வும் கால அட்டவணையும் வந்தன. எல்லாவற்றினும் மேலாக, இன்னார்க்குத்தான் கல்வி என்னும் எல்லை தளரத் தொடங்கியது. இம்மூன்றாவது மாறுதல் எளிதில் நிகழவில்லை.

மயிலாடியில் ஒரு தொடக்கம்

1806ஆம் ஆண்டு ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே திருவிதாங்கூருக்குள் நுழைந்தார் ரிங்கல்தௌபே என்னும் செருமானியர். அவர் இலண்டன் மிசன் சங்கத்தைச் சேர்ந்தவர். மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் அவரை அழைத்தவர்; அவருக்கு ஊரில் துணை நின்றவரும் அவரே. 1809இல் மயிலாடியில் கோயிலும் பள்ளியும் எழுந்தன. கல்வி மறுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் அங்கு எழுத்தும் எண்ணும் கற்றனர்.

ரிங்கல்தௌபே 1816இல் இம்மண்ணை விட்டு அகன்றார். அடுத்து வந்த சார்லசு மீட், பணியிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். 1819ஐ ஒட்டி அங்கு நிலைகொண்ட செமினரி என்னும் உயர்பள்ளிக்கு வருவாய் வேண்டி நெல்வயல்கள் வாங்க 5000 ரூபாய் வழங்கியவர் திருவிதாங்கூர் அரசி கௌரி பார்வதி பாய். கிறித்தவப் பள்ளிக்கு இந்து அரசி பொருள் வழங்கிய இச்செய்தி, நம் மண்ணின் கல்வி ஒரு சமயத்தாரின் தனி முயற்சியால் மட்டும் வளர்ந்ததன்று என்பதற்குச் சான்று.

நாகர்கோவிலில் நிறுவப்பட்ட அச்சகம் திருவிதாங்கூரின் முதல் அச்சகமாகும். தமிழ் நூல்கள் அங்கு அச்சேறின. பாடம் தமிழில் இருந்தது. நூலும் தமிழில் இருந்தது. தென் திருவிதாங்கூரில் மிசன் பள்ளிகள் மக்களிடையே விரைந்து பரவியதற்கு மதமாற்றம் ஒன்றையே காரணமாகக் கூறுவர் சிலர். பிள்ளை வீட்டில் பேசும் மொழியே பள்ளியிலும் ஒலித்தது என்பதையும் காரணமாகச் சேர்த்தல் வேண்டும் என்பது நம் கருத்து. நாகர்கோவிலில் ஆங்கிலம் கற்பித்து வந்த ஜான் இராபர்ட்சு, சுவாதித் திருநாள் மன்னரின் ஆதரவுடன் 1834இல் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். தலைநகரின் ஆங்கிலக் கல்விக்கு நாகர்கோவில் வித்திட்டது எனலாம். நாகர்கோவில் செமினரியோ 1893இல் கல்லூரி நிலையை எய்தி இசுகாட் கிறித்தவக் கல்லூரியாயிற்று.

பெண்கல்வியும் பின்னல் வேலையும்

பெண்மக்களுக்கான உறைவிடப் பள்ளி இக்காலத்திலேயே நாகர்கோவிலில் தொடங்கியது. இதில் பெரும்பங்கு கொண்டவர் மார்த்தா மால்ட் அம்மையார். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பினால் அவள் உழைப்பால் வரும் வருவாய் போய்விடுமே என்று பெற்றோர் தயங்கினர். அத்தயக்கத்தை அவர் சொற்பொழிவால் நீக்க முயலவில்லை. நூலால் பின்னும் இலேசு என்னும் கைத்தொழிலைச் சிறுமியர்க்குக் கற்றுக்கொடுத்தார். காலையில் எழுத்து, பின்னர்ப் பின்னல் என்றானபோது பெண்கல்வி வீட்டுக்குச் சுமையாகத் தோன்றவில்லை. அடிமைநிலையில் பிறந்த பெண்கள் சிலர் இவ்வேலையில் ஈட்டிய பொருளால் தம் விடுதலையைப் பெற்றனர் என்பதும் இவ்வரலாற்றில் பதிவாகியுள்ளது. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855இல்தான் என்பதை நினைந்தால், பின்னல் ஊசியின் பெருமை விளங்கும்.

மால்ட் தம்பதியரின் மகள் எலிசா, தமிழைத் தாய்மொழிபோல் பேசி வளர்ந்தவர். 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடி சென்ற அவர், அங்கும் பெண்கள் பள்ளியையும் பின்னல் தொழிலையும் வளர்த்தார்.

கற்ற பெண் தலைநிமிர்ந்து நடப்பாள். அதைப் பொறாதார் இருந்தனர். பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிந்ததை எதிர்த்து 1820களில் எழுந்த கலகங்களில் பள்ளிகள் எரிக்கப்பட்டன. 1859ஆம் ஆண்டு அரசாணை வரையில் நீண்ட அப்போராட்டத்தைத் தோள்சீலைப் போராட்டம் என்கிறோம். ஆடையைப் பற்றிய கலகத்தில் பள்ளிக்கூடம் ஏன் எரிந்தது என மாணவர்கள் சிந்திக்க வேண்டும். எழுத்தறிவும் தன்மதிப்பும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தன என்பதை எதிர்த்தவர்களே முதலில் உணர்ந்திருந்தனர்.

அரசாணையும் அடைபட்ட வாசலும்

மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்னும் கருத்தை 1817இல் ஓர் ஆணையாக வெளியிட்டவர் அரசி கௌரி பார்வதி பாய். அக்காலத்து இந்தியாவில் இது முன்மாதிரியான ஆணை. ஆயினும் ஆணை எழுதப்பட்ட நாளுக்கும், அது கடைசிக் குடிசையின் பிள்ளையை எட்டிய நாளுக்கும் இடையே ஒரு நூற்றாண்டு கடந்தது.

நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் வெங்கானூரில் பிறந்த அய்யன்காளி, 1907இல் சாது சன பரிபாலன சங்கத்தை நிறுவினார். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் இல்லையெனில் உங்கள் வயல்களில் எங்கள் உழைப்பும் இல்லை என்னும் நிலைப்பாட்டோடு உழவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கூலிக்காகவன்றிக் கல்விக்காக ஏழைகள் பட்டினி கிடந்த நிகழ்ச்சி உலக வரலாற்றில் அரியது. அதன் பின்னரும் ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் சிறுமியை அய்யன்காளி பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, அப்பள்ளி தீக்கிரையாக்கப்பட்டது. ஆணை வாசலைத் திறக்கும். ஆனால் வாசலில் நிற்கும் மனிதரை விலக்க மக்களின் முயற்சியே வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

இசுலாமியர் ஒதுங்கியது ஏன்?

இனி நம் சமுதாயத்தின் நிலையைக் காண்போம். குமரி மாவட்ட முசுலிம்கள் புதுமுறைப் பள்ளிக்குத் தாமதமாகவே வந்தனர். இதனை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் அவர்கள் எழுத்தை அறியாதவர்கள் என்று கூறுவது பெரும்பிழை.

தக்கலையில் அடங்கியுள்ள பீர்முகம்மது அப்பா, நெசவுத் தொழில் செய்து வாழ்ந்த சூபி ஞானி. ஆழ்ந்த தமிழ்ப் பாடல்களை இயற்றியவர். அவருடைய ஞானப்புகழ்ச்சியை மக்கள் ஆண்டுதோறும் தர்காவில் கூடிப் பாடும் மரபு இன்றளவும் தொடர்கிறது. பல்கலைக்கழகப் பட்டம் பெறாத உழைப்பாளிகள் ஓர் இலக்கிய நூலைக் கூடியமர்ந்து பாடுகின்றனர் என்றால் அது கல்வியன்றி வேறென்ன?

பள்ளிவாசலை அடுத்த மக்தபில் ஒவ்வொரு பிள்ளையும் அரபு எழுத்தைக் கற்றது. அவ்வெழுத்திலேயே தமிழை எழுதும் அரபுத்தமிழ் என்னும் முறையும் வளர்ந்தது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குச் சில அரபு எழுத்துகளின்மேல் குறியிட்டுப் புதிய வடிவங்களை அமைத்துக்கொண்டனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களைப் போன்ற பெரியோர்கள் மார்க்க நூல்களை இம்முறையில் எழுதினர். வீட்டை விட்டு வெளியே செல்லாத பெண்கள் அவற்றை ஓதி உணர்ந்தனர். நம் பாட்டிமார்களில் பலர் இவ்வாறு படிக்கத் தெரிந்தவர்களே. ஆயினும் தமிழ் எழுத்தில் கையொப்பமிட இயலாமையால் அவர்கள் எழுத்தறியாதவர்களாகவே மதிக்கப்பட்டனர்.

இத்தகைய மக்கள் புதுமுறைப் பள்ளியைக் கண்டு தயங்கியதற்குக் காரணங்கள் உண்டு. பள்ளி பிறர் சமயத்தின் சார்பாக இருந்தது. அல்லது அரசின் பள்ளியாக இருந்தால் அதன் மொழி வேறாக இருந்தது. காலை நேரப் பள்ளியோ குர்ஆன் ஓதும் நேரத்தை விழுங்கியது. பிள்ளை ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டும் என்னும் நிலையில் பெற்றோர் இழக்கத் துணியவில்லை. அவர்கள் அஞ்சியது இழப்பை. அதனைக் கல்வியின்மேல் கொண்ட வெறுப்பு என்று பிறர் எழுதிவிட்டனர்.

இவ்வச்சத்தை நீக்க வழி கண்டவர்களுள் வக்கம் அப்துல் காதர் மௌலவி (1873-1932) தலையாயவர். திருவிதாங்கூரில் சுதேசாபிமானி இதழை 1905இலும் முசுலிம் என்னும் இதழை அடுத்த ஆண்டிலும் தொடங்கிய அவர், சமுதாயத்தைப் புதுக்கல்வியின்பால் அழைத்தார். அழைப்போடு நிற்கவில்லை. முசுலிம் பிள்ளைகள் பயிலும் அரசுப் பள்ளிகளில் அரபியும் கற்பிக்கப்பட வேண்டும் என அரசிடம் வலியுறுத்தினார், அரசும் இணங்கிற்று. கட்டணச் சலுகைகளும் கிடைத்தன. இரண்டில் ஒன்றை இழக்க வேண்டியதில்லை என்றானதும் பிள்ளைகள் வரத் தொடங்கினர்.

கடல் கடந்து இலங்கையிலும் இதே வழி நடந்தது. கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்தி லெப்பை 1882இல் முசுலிம் நேசன் இதழைத் தொடங்கினார். அதில் மக்கள் அறிந்த அரபுத்தமிழ் எழுத்திலும் செய்திகளை வெளியிட்டார். 1892இல் கொழும்பில் எழுந்த மதரசதுச் சாகிரா, பின்னர்ப் புகழ்பெற்ற சாகிராக் கல்லூரியாக வளர்ந்தது. மக்கள் நிற்கும் இடத்திலிருந்து அவர்களை அழைத்துச் சென்றதே இவ்விருவரின் வெற்றிக்குக் காரணம்.

இரு புலவர்கள், ஒரே குறை

மொழியைப் பற்றிக் கூறினோம். அதன் விலையை இரு பெரும்புலவர்களின் வாழ்வில் காணலாம். இடலாக்குடியில் 1874இல் பிறந்தவர் செய்குத்தம்பிப் பாவலர். சில கல் தொலைவிலுள்ள தேரூரில் 1876இல் பிறந்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. இருவரும் தமிழ் பேசும் குடும்பத்தினர். ஆயினும் இருவரும் பள்ளியில் முதலில் பயின்றது மலையாளம். அரசின் பள்ளியில் அம்மொழியே பயிற்றுமொழியாக இருந்தது.

கவிமணிக்குத் தமிழ் கிடைத்தது திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த சாந்தலிங்கத் தம்பிரானிடம். பாவலருக்குத் தமிழ் கிடைத்தது கோட்டாறு சங்கரநாராயண அண்ணாவியிடம். ஆசிரியர் இந்து, மாணவர் முசுலிம். ஒருவர் கற்பிக்கவும் மற்றவர் கற்கவும் தமிழ் ஒன்றே போதிய உறவாயிற்று. அம்மாணவரே 1907ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு பொருள்களில் ஒருசேரக் கவனம் செலுத்திச் சதாவதானி என்னும் சிறப்பைப் பெற்றார். சீறாப்புராணத்திற்கு உரை கண்டார். கவிமணி ஆசிரியப் பணியில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு, குழந்தைகள் பாடி மகிழும் தமிழை நமக்கு அளித்தார்.

இவ்விருவரும் பேரறிவாளர்கள், பள்ளி தராததை வெளியே தேடிப் பெற்றுக்கொண்டனர். தம்பிரானும் அண்ணாவியும் வாய்க்காத எத்தனை பிள்ளைகள் தாய்மொழியில் ஒரு வரி எழுதாமலே பள்ளியை விட்டு நீங்கியிருப்பர்! அவர்கள் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. கல்வி வரலாறு எழுதுவோர் அவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1956க்குப் பின்னர்

தமிழ் பேசும் வட்டங்கள் தாய்த்தமிழகத்தோடு இணைய வேண்டும் என்னும் போராட்டம் மார்சல் நேசமணி தலைமையில் நடந்தது. அதில் அப்துல் ரசாக் போன்ற முசுலிம் தலைவர்களும் தோள்கொடுத்தனர். 1954 ஆகத்து 11ஆம் நாள் நிகழ்ந்த துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. அப்போராட்டத்தின் கோரிக்கைகளுள் பள்ளியிலும் அலுவலகத்திலும் தமிழ் என்பது முதன்மையானது. காமராசர் ஆட்சியில் பரவிய இலவசக் கல்வியும் மதிய உணவும் இம்மாவட்டத்தில் முன்பே உழுத நிலத்தில் விழுந்த மழையாயின.

முசுலிம் சமுதாயமும் தமிழகமெங்கும் கல்லூரிகளைக் கண்டது. வாணியம்பாடியில் 1919இல் இசுலாமியாக் கல்லூரியும், திருச்சிராப்பள்ளியில் 1951இல் சமால் முகம்மது கல்லூரியும், பாளையங்கோட்டையில் 1971இல் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியும் எழுந்தன. நம் மாவட்டத்துக் கல்லூரிகளும் அவ்வழியில் வந்தவையே. பிறர் திறந்த வாசலில் தயங்கி நின்ற சமுதாயம், பிறர்க்கும் சேர்த்துத் தானே வாசல் அமைத்தது. இன்று இவ்வகுப்பறைகளில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அருகருகே அமர்ந்து பயில்கின்றனர்.

திபெத்தியர் காட்டும் ஒப்புமை

இம்மண்ணின் பட்டறிவு தனித்ததன்று என்பதற்குத் தொலைவான ஓர் ஒப்புமை கூறலாம். 1959இல் தாயகம் இழந்து இந்தியாவிற்கு வந்த திபெத்தியரிடையே, மடங்களுக்கு வெளியே கல்வி மிகக் குறைவு. 1960இல் முசௌரியில் அவர்களுக்கான முதற்பள்ளி தொடங்கியது. 1961இல் இந்தியக் கல்வி அமைச்சகத்தின்கீழ்த் தனி அமைப்பு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அறிவியலும் ஆங்கிலமும் கற்பிக்கும் பள்ளியிலேயே அவர்தம் மொழியும் பண்பாடும் கற்பிக்கப்பட வேண்டும் என்பதற்குப் பிரதமர் நேரு துணை நின்றார். மைசூருக்கு அருகிலுள்ள பைலக்குப்பை முதலிய குடியிருப்புகளிலும் பள்ளிகள் எழுந்தன. 2004இல் வகுத்த கல்விக் கொள்கையில் தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியையே அவர்கள் வற்புறுத்தினர். நாடற்றவர்கள் ஒரு தலைமுறைக்குள் கற்ற மக்களாயினர். தம் மொழியைக் கைவிடாமலே ஆயினர். அய்யன்காளியின் காலத்தில் மறுக்கப்பட்டதும், மௌலவி அவர்கள் வேண்டிப் பெற்றதும், பாவலர் வெளியே தேடியதும் இங்கு ஒரே கூரையின்கீழ்க் கிடைத்தன.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் விளங்குவது இது: பள்ளி ஒரு மக்களிடையே வேரூன்ற, அது அவர்தம் மொழியில் பேச வேண்டும், அவர்தம் மகளுக்கு இடம் தர வேண்டும், எதையும் இழக்காமல் உள்ளே வரலாம் என்னும் உறுதியை அளிக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்த இடத்தில் பள்ளி கட்டடமாகவே நின்றது.

கல்வியைத் தேடுவது ஒவ்வொருவர் மீதும் கடமை எனக் கூறும் நபிமொழியை அறியாதார் நம்மிடையே இலர். ஒவ்வொருவர் என்பதனுள் மகளும் அடங்குவாள் என்பதைச் சமுதாயப் பெரியோர்கள் நினைவிற்கொள்ள வேண்டுகிறோம். பன்னிரண்டாம் வகுப்போடு போதும் என்றும், மணம் முடிந்தபின் படிப்பு எதற்கு என்றும் கூறும் குரல்கள் இன்னும் முற்றிலும் ஓயவில்லை. இரண்டாம் ஆண்டில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவியின் இருக்கை மூன்றாம் ஆண்டில் வெறுமையாக இருப்பதைக் காணும் ஆசிரியரின் வேதனை சொல்லில் அடங்காது.

ஆசிரியர்களாகிய நாமும் நம்மை வினவிக்கொள்வோம். அன்று மலையாளம் பயின்று தமிழை வெளியே தேடினர் இரு புலவர்கள். இன்று ஆங்கிலவழியில் பயின்று தமிழைத் தடுமாறிப் படிக்கும் பிள்ளைகளுக்கு அண்ணாவியாக அமைபவர் யார்? அப்பணி தமிழ்த்துறைக்கு உரியதன்றி வேறெவர்க்கு உரியது?

மாணவர்களுக்கு ஒரு பணியை அளித்து இதனை முடிக்கிறோம். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழுப்பேறிய அரபுத்தமிழ் நூல் ஒன்று கிடக்கக்கூடும். அதனை எடுத்துவந்து, உங்கள் பாட்டியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் ஓத ஓத, நீங்கள் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்தபின் அவரிடம் படித்துக் காட்டுங்கள். எழுத்தறியாதவர் என்று நாம் கருதிய ஒருவரிடம் பாடம் கேட்ட நாள் அதுவாக இருக்கும். நம் கல்வி வரலாற்றின் எழுதப்படாத பக்கம் ஒன்றும் அன்று எழுதப்பட்டிருக்கும்.